பழைய காயமும் இன்றைய வழக்கும்: வரலாற்று நினைவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வரலாறு பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது. பேச்சின் பொருள் எதுவானாலும், முடிந்தபின் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தையே சுற்றி வருகின்றன: எந்தக் காலத்திலோ நடந்த ஒன்றுக்காக இன்றைக்கு ஏன் மக்கள் அடித்துக்கொள்கிறார்கள்? அந்தக் கேள்விகளையும், நின்றபடியே நான் சொன்ன விடைகளையும் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

வரலாற்று நினைவு என்பதும் வரலாறு என்பதும் ஒன்றுதானே?

இல்லை. வரலாறு சான்றுக்குக் கட்டுப்பட்டது. புதிய கல்வெட்டு கிடைத்தால் பழைய முடிவைக் கைவிட வேண்டும் என்பது அதன் ஒழுக்கம். நினைவு என்பது ஒரு கூட்டத்தார் தாம் யார் என்று சொல்லிக்கொள்வதற்காகப் பேணி வைத்திருப்பது. அதற்குச் சான்று துணையாக வரலாம், வராமலும் இருக்கலாம். மனிதர் தனியாக நினைவுகொள்வதில்லை, குடும்பமும் சமயமும் ஊரும் தரும் சட்டகத்துக்குள்தான் நினைவுகொள்கிறார் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் எழுதினார். ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான் அதன்மேல் இன்னொரு வேறுபாட்டை வைத்தார்: பாட்டி பேத்திக்குச் சொல்லும் நினைவுக்கு 80 முதல் 100 ஆண்டுகள்தாம் ஆயுள், அதைத் தாண்டிய எதுவும் விழாவாகவோ கோயிலாகவோ நூலாகவோ பாடப்புத்தகமாகவோ உருமாறினால்தான் பிழைக்கும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுநூறு ஆண்டுக்கு முந்திய அவமானம் ஒருவருடைய நெஞ்சில் எரிகிறது என்றால், இடையில் அதைச் சுமந்து வந்த ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எது, எப்போது புறப்பட்டது, யார் கையில் இருந்தது என்று தேடினால் பாதி விடை கிடைத்துவிடும்.

அறுநூறு ஆண்டுக்கு முந்திய போர் ஒருவனை இன்று கொலைக்குத் தூண்டுமா?

தூண்டியிருக்கிறது. 1389 ஜூன் 28 அன்று கொசோவோ சமவெளியில் செர்பியர் படையும் உஸ்மானியர் படையும் மோதின. இளவரசர் லாசரும் மாண்டார், சுல்தான் முராதும் மாண்டார். அன்று வென்றவர் யார் என்பதிலேயே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் செர்பிய நாட்டுப்புறப் பாடல்களிலும் தேவாலய வழிபாட்டிலும் அது ஒரு பெருந்தோல்வியாக, விண்ணுலக அரசுக்காக மண்ணுலக அரசைத் துறந்த தியாகமாக நிலைத்தது. சரியாக 600 ஆண்டு கழித்து, 1989இல் அதே நாளில் அதே இடத்தில் பெருங்கூட்டத்தின் முன் நின்று செர்பியத் தலைவர் ஸ்லோபோதான் மிலோசெவிச் பேசினார். அடுத்த சில ஆண்டுகளில் யூகோஸ்லாவியா உடைந்தது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசாவுக்குள் நுழைந்த செர்பியப் படைத் தளபதி ராட்கோ மிளாடிச், உஸ்மானிய ஆட்சிக்கு எதிராக 1804இல் செர்பியர் செய்த கலகத்தைச் சுட்டிக்காட்டி, துருக்கியரைப் பழிவாங்கும் வேளை வந்துவிட்டது என்று கேமராவின் முன் சொன்னார். அந்த ஊரில் துருக்கியர் எவரும் இல்லை. இருந்தவர் அதே மொழியைப் பேசிய போஸ்னிய முஸ்லிம்கள். அடுத்த சில நாள்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

சைப்ரஸில் பிறந்த மனநல மருத்துவர் வாமிக் வோல்கன் இப்படிப்பட்ட நிகழ்வைத் 'தேர்ந்துகொண்ட காயம்' என்று அழைத்தார். எல்லாக் காயங்களையும் ஓர் இனம் நினைவில் வைத்திருப்பதில்லை, ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது என்பது அதன் பொருள். அச்சம் மிகும் காலத்தில் இடைப்பட்ட நூற்றாண்டுகள் மடிந்துபோய், அன்றைய பகைவனும் இன்றைய அண்டைவீட்டானும் ஒருவனாகத் தெரிகிறார்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சம் தானாக மிகுவது அரிது. 1980களில் யூகோஸ்லாவியாவின் கடனும் பணவீக்கமும் வேலையின்மையும் அந்த மடிப்புக்கான இடத்தை ஏற்கெனவே செய்து வைத்திருந்தன.

இலங்கையில் நடந்தது இரண்டாயிரம் ஆண்டுப் பகை என்கிறார்களே?

மதுரையில் இக்கேள்வி எழும்போது அரங்கம் அமைதியாகிவிடும். மறுவாழ்வு முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் நம்மோடு படித்தவர்கள். அவர்களுடைய நினைவு மூன்று தலைமுறைக்குள் அடங்கிய, சூடு ஆறாத நினைவு. அதனால் இதற்குக் கொஞ்சம் பொறுமையாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பகையின் மூலமாகக் காட்டப்படுவது மகாவம்சம். ஏறக்குறைய கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி ஒருவர் பாலி மொழியில் இயற்றிய நூல் அது. அதன் நடுநாயகமான கதை, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைத் துட்டகைமுனு வென்றது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே அறுநூறு ஆண்டுக்கு மேல் இருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நூலுக்குள் செல்வோம். சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன், நண்பன் பகைவன் என்று பாராமல் நீதி வழங்கி 44 ஆண்டுகள் ஆண்டதாக அந்த நூலே சொல்கிறது. கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனுக்கு அதே தண்டனை தந்தான் என்ற கதையும், ஆராய்ச்சி மணியும் அங்கே இருக்கின்றன. திருவாரூர்க்காரர்கள் அதை மனுநீதிச் சோழனின் கதையாக அறிவார்கள். துட்டகைமுனுவின் வீரருள் ஒருவனான நந்திமித்திரனின் தாய்மாமன் எல்லாளனின் தளபதி. இனத்துக்கு எதிராக இனம் நின்ற போர் என்று மட்டும் இதைப் படிக்க நூலே இடம்தரவில்லை. அதே நூலில்தான், போரில் மாண்டவர்களை எண்ணி வருந்திய அரசனிடம், அவர்களுள் மனிதர் என்று சொல்லத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்று துறவிகள் ஆறுதல் கூறும் பகுதியும் இருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு நூலை மூடி வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிங்களரின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பப்பட்டது மதுரைக்கு. பாண்டியன் தன் மகளையும், விஜயனுடைய தோழர்களுக்கு மணமுடிக்கப் பல பெண்களையும், கைவினைஞர் குடும்பங்களையும் அனுப்பி வைத்தான் என்கிறது மகாவம்சம். புராணக் கதைதான், ஆனால் எல்லாளன் கதையை வரலாறாக எடுத்துக்கொள்பவர் இதை மட்டும் கதை என்று தள்ளிவிட முடியாது. ஒரே நூலில் பகையும் சம்பந்தமும் பக்கம் பக்கமாக இருக்க, ஒன்றுதான் மேடையேறியது.

எப்போது மேடையேறியது? ஜார்ஜ் டர்னர் என்ற ஆங்கில அதிகாரி 1837இல் மகாவம்சத்தைப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். விகாரைகளின் ஏட்டுச் சுவடி அச்சு நூலாகியது. ஆரியர், திராவிடர் என்ற அக்கால ஐரோப்பிய இனக் கோட்பாடு அதற்குப் புதிய பொருளைக் கொடுத்தது. அதன்பின் 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 ஜூலைப் படுகொலைகள் என்று தொடர்ந்தவற்றுக்கு நேரடிக் காரணங்கள் வேலையும் நிலமும் மொழியும் அதிகாரமும்தாம். அவற்றைப் பேசுவதற்கான மொழியைத் தந்தது பழைய கதை. 1962இல் இலங்கைத் தரைப்படையில் கெமுனுவின், அதாவது துட்டகைமுனுவின், பெயரால் ஒரு படைப்பிரிவு அமைந்தது; மறுபுறத்தில் சோழரின் புலி விடுதலைப் புலிகளின் கொடியேறியது. இரண்டாயிரம் ஆண்டுப் பகை என்று சொல்வது இரு தரப்பிலும் சிலருக்கு வசதியாக இருந்தது. பழம்பகை என்று ஒப்புக்கொண்டால், 1956இல் வாக்களித்தவர் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா?

அப்படியானால் வரலாற்றுக் குறைகள் எல்லாமே யாரோ தூண்டிவிட்டவை என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. என் பேச்சிலிருந்து பலர் எடுத்துச் செல்லும் தவறான முடிவு இது. கணக்கு முடிந்துபோன பழைய நிகழ்வை மீண்டும் திறப்பது வேறு. முடியாமலேயே இருக்கும் கணக்கைப் பற்றிக் கேட்பது வேறு. இரண்டாவதற்கு நம் வட்டாரத்திலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதலாவது பெருங்காமநல்லூர். 1911இல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் மதுரை வட்டாரத்தில் முதலில் 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்களும், பிறகு பிரமலைக் கள்ளர் முழுவதும் கொண்டுவரப்பட்டனர். பிறப்பினாலேயே குற்றவாளி. ஊர் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. கணக்கு அதோடு முடிந்ததா? அச்சட்டத்தின் பட்டியலில் இருந்தவர்களைச் சீர்மரபினர் என்கிறோம். அவர்களைப் 'பழங்குடி' என்பதா 'சமூகம்' என்பதா என்ற சிக்கல் 1979ஆம் ஆண்டு அரசாணையால் எழுந்து, 2019இல் மாநிலச் சலுகைக்கு ஒரு பெயர், நடுவணரசுச் சலுகைக்கு இன்னொரு பெயர் என்ற ஏற்பாட்டை எட்டியது. ஒரு மாணவனின் சான்றிதழில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பது 1911இன் சட்டத்தைத் தொட்டே முடிவாகிறது. இதைப் பழங்கதை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது முல்லைப் பெரியாறு. 1886இல் திருவிதாங்கூருக்கும் ஆங்கிலேய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது; 1895இல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் வயலுக்கு அந்தத் தண்ணீர் உயிர். இங்குள்ள நினைவில் 1876-78இன் தாது வருடப் பஞ்சமும், சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கும் நிற்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் சூட்டுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்தில் அதே ஒப்பந்தம், வலியவர் எளிய சமஸ்தானத்திடம் வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து. அத்துடன் 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்ததிலிருந்து, அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும் சேர்ந்துகொண்டது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. இரு பக்கமும் மறந்துவிடும் செய்தி ஒன்று: 1970இலேயே தமிழ்நாடும் கேரளமும் அமர்ந்து பேசி, குத்தகைத் தொகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டு, பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டன. காலனியக் காலத்துக் கையெழுத்து என்ற வாதமும் பென்னிகுயிக்கின் படமும் ஊர்வலத்தில் வரும் அளவுக்கு அந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தம் வருவதில்லை. பேசித் தீர்த்துக்கொண்டதற்கு யார் சிலை வைக்கிறார்கள்?

மதுரையின் 14ஆம் நூற்றாண்டு இன்றைக்கும் பகையாகத் தொடர்கிறதா?

1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. 1335 அளவில் மதுரையில் தனிச் சுல்தானியம் எழுந்தது; 1370களில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் அதை முடித்து வைத்தான். கொடுமைகள் நடந்தன என்பதில் ஐயமில்லை. சுல்தான் கியாசுத்தீனின் கொடுஞ்செயல்களை நேரில் கண்டு அருவருத்து எழுதியவர் இப்னு பதூதா என்ற முஸ்லிம் பயணி. அவர் மணந்திருந்ததும் அந்தச் சுல்தானியத்தை நிறுவியவரின் மகளையே.

நான் கவனிப்பது இதை ஊர் எப்படி நினைவில் வைத்தது என்பதை. மீனாட்சி கோயில் 48 ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததாகத் தல மரபு சொல்கிறது. திறந்து பார்த்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாத்திய சந்தனம் காயவில்லை, மாலை வாடவில்லை என்பதே அக்கதையின் உச்சம். பழி வாங்குவதைப் பற்றி அது பேசுவதே இல்லை. அடுத்து, சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்குப் போய் இரவு தங்குகிறார். துலுக்க நாச்சியாரைக் காணப் போகிறார் என்பது ஊர் வழக்கு. இன்றைய மேடைப் பேச்சுகள் வாள் வீசும் நூற்றாண்டாகக் காட்டும் காலத்தை, வைகைக் கரையின் மக்கள் உறவுமுறையாக மாற்றிக்கொண்டார்கள். கம்பணனின் வெற்றியைப் பாடும் கங்காதேவியின் மதுரா விஜயம் என்ற வடமொழிக் காவியமோ கண்ணுக்குப் படாமல் கிடந்து, 1916இல் திருவனந்தபுரத்தில் ஓர் ஏட்டுச் சுவடியாகக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் மதுரைக்காரர் எவரும் அதைப் படித்து ஆத்திரம் கொண்டிருக்க வாய்ப்பில்லை.

திருப்பரங்குன்றம் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. மலையுச்சியில் அடங்கியிருப்பவர் மதுரையின் கடைசிச் சுல்தான் சிக்கந்தர் என்பது தர்காவின் வழக்கு. மலை யாருக்கு உரியது என்று 1920இல் தொடங்கிய உரிமையியல் வழக்கு, 1931இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது: நெல்லித்தோப்பு, அங்கிருந்து ஏறும் படிகள், பள்ளிவாசலும் கொடிமரமும் நிற்கும் பாறை ஆகியவை முஸ்லிம்களுக்கு, பிற பகுதி கோயிலுக்கு. 2025இல் அது மீண்டும் தெருவுக்கு வந்தது. யார் பக்கம் சட்டம் என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். நான் சொல்லக்கூடியது, இது படி, பாறை, பாதை பற்றிய ஒரு நூற்றாண்டு வழக்கு என்பதே. அதற்கு 14ஆம் நூற்றாண்டின் உடையை மாட்டிவிட்டால், நில அளவையரால் தீர்க்கக்கூடியது எவராலும் தீர்க்க முடியாததாகிவிடும்.

காயம் மட்டும்தான் குறையாகுமா? பெருமை ஆகாதா?

ஆகும். ஒப்புக்கொள்ளப்படாத பெருமை காயத்தைவிட வேகமாகக் குறையாக மாறுகிறது. கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அகழாய்வைத் தொடங்கியது. அதை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் அளித்த அறிக்கையை 2025இல் துறை திருத்தக் கேட்டதும், அவர் மறுத்ததும், அது டெல்லிக்கும் தமிழருக்கும் இடையிலான வழக்காகப் பேசப்பட்டதும் அண்மைச் செய்திகள். மண்ணடுக்கின் காலம் குறித்த தொழில்நுட்பக் கேள்வி, 'எங்கள் பழமையை ஏற்க மறுக்கிறார்கள்' என்ற உணர்வாக ஒரே வாரத்தில் மாறியது. அந்த உணர்வுக்கு முன்கதை உண்டு என்பதால் அதை நான் எள்ளமாட்டேன். ஆனால் கரிமப் பகுப்பாய்வை உணர்வு கொண்டு செய்ய இயலாது.

எல்லாவற்றையும் மறந்துவிட்டால் தீராதா?

ஸ்பெயின் முயன்று பார்த்தது. சர்வாதிகாரி பிராங்கோ இறந்தபின் 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றி, உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசுவதில்லை என்று எல்லாக் கட்சிகளும் ஏறக்குறைய உடன்பட்டன. மக்களாட்சி நிலைபெற அது உதவியது. ஆனால் சாலையோரக் குழிகளில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்து எலும்புகளைத் தேடத் தொடங்கினார்கள். 2007இல் வரலாற்று நினைவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. உடல் கிடைக்காத வீட்டில் மறதியை யாரும் சட்டமாக்க முடியாது. இலங்கையின் வடக்கில் காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களோடு சாலையோரம் அமர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஊர்வலங்களைத் தடைசெய்வது பயன் தருமா?

ஓரளவே. வட அயர்லாந்தில் கத்தோலிக்க அரசரைப் புரொட்டஸ்டண்டு அரசர் வென்ற 1690இன் பாயின் போரை, புரொட்டஸ்டண்டுகள் ஜூலை 12தோறும் ஊர்வலமாகக் கொண்டாடுகிறார்கள். சண்டை எப்போதும் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில்தான். 1998இல் அதற்கென்று தனி ஆணையமே அமைத்து, பாதையைப் பேசி முடிவு செய்தார்கள். இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11க்கும் தேவர் குருபூசை நாளான அக்டோபர் 30க்கும் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் தடையுத்தரவு போடப்படுவதை அறிந்த நமக்கு, தெருவைப் பற்றிய சண்டை என்றால் என்னவென்று பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

பகைவனையும் மதித்த நினைவு எங்கேனும் உண்டா?

எல்லாளனிடமே திரும்புகிறேன். அவன் வீழ்ந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் இசைக்கருவிகளை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். தம் காலம் வரை அரசர்கள் அதைக் கடைப்பிடித்ததாக மகாவம்ச ஆசிரியர் எழுதுகிறார். அனுராதபுரத்தில் எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட மேட்டை, 20ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர்கள் தக்கிண தூபம் என்ற பௌத்தத் தூபி என்றனர். அங்கே கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவுடையதே என்ற வாதமும் எழுந்தது. வென்றவன் தோற்றவனுக்குக் கொடுத்த இடத்தையும் பின்னால் வந்தவர்கள் வென்றவனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் நடந்தது இது. 1818இல் ஆங்கிலேயருக்கு எதிரான கண்டிக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, தப்பியோடிக்கொண்டிருந்த பிலிமத்தலாவ என்ற பெருங்குடித் தலைவர் அனுராதபுரம் வழியே பல்லக்கில் வந்தார். களைத்திருந்தார், துரத்தி வருவோரும் இருந்தனர். எல்லாளன் நினைவிடம் அருகில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும், சரியான இடம் தெரியாது. பல்லக்கிலிருந்து இறங்கி, அதைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரை நடந்தே போனார்.